எந்த இயங்குதளம் வேகமானது என்று கேட்காதீர்கள்

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அதனால் வியாழக்கிழமை மாலை அலோர் ஸ்டாரில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு பரபரப்பு இருக்கும். அப்படி ஒரு வியாழக்கிழமை, நான் உறுப்பினராக இருக்கும் சிறிய கூட்டுறவுக் கழகத்தின் செயலாளர் என்னை வரச் சொல்லியிருந்தார். மேசையில் ஒரு தாள். அதில் வண்ண வண்ணக் கோடுகள். ஒரு கோடு மேலே ஏறி நிற்கிறது. மற்றவை பாதி வழியில் சரிந்து விழுகின்றன.

"அண்ணே, கணினி விற்க வந்தவரு கொடுத்துட்டுப் போனாரு. நம்ம தரவுத்தளம் மெதுவா ஓடுறதுக்கு லினக்ஸ்தான் காரணமாம். வேற இயங்குதளம் போட்டு, புது சர்வரும் வாங்கினா வேகம் கூடுமாம். பதினெட்டாயிரம் வெள்ளி ஆகும். அடுத்த வாரம் கமிட்டி கூடுது. நீங்க என்ன சொல்றீங்க?"

பதினெட்டாயிரம் வெள்ளி எங்கள் கழகத்துக்குச் சின்னத் தொகை இல்லை. உறுப்பினர்களில் பாதிப் பேர் தோட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மாதம் இருபதும் முப்பதுமாகப் போட்டு வைத்த பணம் அது.

தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கணினித் துறையில் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சண்டையின் படம் அது. சண்டை முடிந்துவிட்டது. படம் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த இயங்குதளத்தில் தரவுத்தளம் வேகமாக ஓடும் என்று கேட்பது வீண். நம் வரிசை எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு விற்பனையாளர் கொண்டுவரும் படத்தில் பதில் இருக்காது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் நிறுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆளாளுக்குத் தன் நிரைக்குப் போய்விடுவார்கள். மரம் சீவும்போது யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டகைக்கு வந்து சேர்வார்கள். அங்கே இருப்பது ஒரு தராசு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க ஒரு மெட்ரோலாக், எழுத ஒரு கிராணி, அவர் முன்னால் ஒரு செக்ரோல் புத்தகம். தோள் வலிக்க நிற்பது அந்த வரிசையில்தான்.

தரவுத்தள சர்வரும் அந்தக் கொட்டகை மாதிரிதான். எங்கள் கழகத்தில் மாதத்தின் 7-ஆம் தேதியை ஒட்டித்தான் கூட்டம். சம்பளம் அதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், சந்தா கட்டுபவர்களும் கடன் தவணை கட்டுபவர்களும் அப்போதுதான் வருவார்கள். ஒவ்வொரு கவுண்டரும் தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பு வைத்திருக்கிறது. அத்தனை இணைப்புகளையும் ஒரே நேரத்தில் கவனிப்பதற்குக் கணினி உலகம் கண்டுபிடித்த உத்திதான் இழை. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி வேலை என்று அதைப் புரிந்துகொண்டால் போதும். மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஓர் இணைப்புக்கு ஓர் இழை கொடுக்கும். போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. ஓர் இணைப்புக்கு ஒரு தனி புரோசஸையே கொடுத்துவிடும். முன்னது ஒரே வீட்டில் ஆளுக்கு ஓர் அறை. பின்னது லயத்தில் ஆளுக்கு ஒரு வீடு.

இந்த இழைகளை யார் மேய்ப்பது? இங்கேதான் சண்டை தொடங்கியது.

ஒரு வழி, கும்பல் முழுவதற்கும் ஒரே கங்காணி வரிசையில் நிற்பது. கிராணியின் கண்ணுக்குக் கங்காணி மட்டும்தான் தெரிவார். பின்னால் நிற்கும் நாற்பது பேர் தெரியமாட்டார்கள். கும்பலுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது சுலபம், செலவும் குறைவு. ஆனால் கங்காணி எதற்காவது காத்து நின்றால் நாற்பது பேரும் நின்றுபோவார்கள். கொட்டகையில் இன்னொரு தராசு சும்மா கிடந்தாலும் இந்தக் கும்பலுக்கு அதனால் பயனில்லை. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 4-ஆம் வரிசைப் பதிப்புகளில் இழைகள் இப்படித்தான் ஓடின. இரண்டு செயலி உள்ள சர்வரை வாங்கி அதில் மைஎஸ்கியூஎல் போட்டவர்கள், இரண்டாவது செயலி சும்மா இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள்.

இன்னொரு வழி, ஆளுக்கு ஒரு பேர் செக்ரோலில். ஒவ்வோர் இழையையும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே நேரடியாக அறியும், நேரடியாக வேலை கொடுக்கும். எளிமையானது. ஆனால் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் பேரையும் கெர்னலே மேய்க்க வேண்டும்.

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவில். ஆயிரம் பேருக்கு நாலைந்து கங்காணிகள். கெர்னல் கங்காணிகளைப் பார்த்துக்கொள்ளும். கங்காணிகள் ஆட்களைப் பார்த்துக்கொள்வார்கள். ஓர் ஆள் எங்காவது மாட்டிக்கொண்டால் கெர்னல் கங்காணிக்குத் தகவல் சொல்லும். அவர் உடனே வேறு ஆளை அனுப்புவார். இப்படித் தகவல் சொல்லும் முறையை 1991-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆண்டர்சன், பிரையன் பெர்ஷட், எட்வர்ட் லசோவ்ஸ்கா, ஹென்றி லெவி ஆகிய நால்வரும் வகுத்துக் காட்டினார்கள். காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. அந்த அழகில் ஒரு தலைமுறைப் பொறியியலாளர்களே மயங்கினார்கள்.

சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 1990-களில் இந்த மூன்றாவது வழியின் ஒரு வகையில்தான் ஓடியது. ஃபிரீபிஎஸ்டி தன் 5-ஆம் வரிசையில் அதற்கு மாறியது. நெட்பிஎஸ்டி 2004-இல் வந்த 2.0 பதிப்பில் அதைச் சேர்த்தது. லினக்ஸுக்கும் அதைக் கொண்டுவர ஐபிஎம் ஒரு திட்டம் நடத்தியது.

அப்போது லினக்ஸின் நிலைமை கேவலமாகத்தான் இருந்தது. சேவியர் லெராய் எழுதிய பழைய இழை நூலகம் ஆளுக்கு ஒரு பேர் என்ற வழியில் போனது, ஆனால் கரடுமுரடாக. ஒவ்வோர் இழைக்கும் தனி புரோசஸ் எண் வந்துவிடும். சர்வரில் என்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தால் ஒரே மைஎஸ்கியூஎல் பத்து, இருபது வரிகளில் தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாரோ பலமுறை ஓடவிட்டுவிட்டார்கள் என்று பயந்துபோவார்கள்.

2002-இல் ரெட் ஹாட்டைச் சேர்ந்த உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்நாரும் வேறு மாதிரி யோசித்தார்கள். கங்காணியே வேண்டாம், ஆளுக்கு ஒரு பேர் என்பதே இருக்கட்டும், கிராணி எழுதும் வேகத்தை மட்டும் கூட்டுவோம் என்றார்கள். அவர்கள் புதிய நூலகம் ஒரு சாதாரணக் கணினியில் ஒரு லட்சம் இழைகளை இரண்டு வினாடியில் தொடங்கிக் காட்டியது. பழைய ஏற்பாட்டில் அதே வேலைக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஐபிஎம் தன் திட்டத்தைக் கைவிட்டது. அதே 2002-இல் சொலாரிஸ் 9 ஆளுக்கு ஒரு பேர் முறைக்கு வந்தது. ஃபிரீபிஎஸ்டி 2008 பிப்ரவரியில் வெளியான 7.0 பதிப்பில் வந்தது. நெட்பிஎஸ்டி 2009-இல் 5.0 பதிப்பில் வந்தது. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நாடுகள், கடைசியில் எல்லோரும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்.

காரணம் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மேனேஜரும் வேலை பிரிப்பார், கங்காணியும் வேலை பிரிப்பார் என்றால், யாருக்கும் முழு நிலவரம் தெரியாது. இருவரும் ஒருவருக்கொருவர் சீட்டு அனுப்பிக்கொண்டிருப்பதிலேயே பொழுது போய்விடும்.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஃபிரீபிஎஸ்டி 4 காலத்தில் அதில் மைஎஸ்கியூஎல் ஓட்டியவர்களில் பலர், தங்கள் சொந்த இழை நூலகத்தை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் குறை சொன்ன அந்த லினக்ஸ் நூலகத்தை ஃபிரீபிஎஸ்டிக்குள்ளேயே இறக்குமதி செய்து பயன்படுத்தினார்கள். அப்படியானால் அங்கே ஓடியது லினக்ஸா, ஃபிரீபிஎஸ்டியா? எந்த இயங்குதளம் என்று தலைப்பிட்டுப் படம் போடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு வாய் திறப்பதில்லை.

இனி செயலாளர் மேசையில் இருந்த அந்தத் தாளுக்கு வருவோம். அதன் மூலம் 2007, 2008 காலத்தைச் சேர்ந்தது. ஃபிரீபிஎஸ்டியின் கிரிஸ் கென்னவே எட்டுச் செயலிக் கருக்கள் கொண்ட கணினியில் மைஎஸ்கியூஎல்லையும் போஸ்ட்கிரெஸையும் ஓட்டி அளந்தார். 7.0 வெளியீட்டு அறிவிப்பு மார்தட்டியே சொன்னது: முந்தைய 6-ஆம் வரிசையைவிடச் சாதாரணச் சுமையில் 350 விழுக்காடு வரை, அதிகச் சுமையில் 1500 விழுக்காடு வரை முன்னேற்றம், அன்று இருந்த லினக்ஸ் கெர்னல்களில் நன்றாக ஓடியதைவிடவும் 15 விழுக்காடு அதிகம்.

இந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் அவை எதை அளந்தன? முக்கியமான சோதனையில் எல்லாம் வாசிப்பு வேலை மட்டும். எழுதும் வேலை இல்லை. தரவு முழுவதும் நினைவகத்திலேயே அடங்கியிருந்தது. வட்டைத் தொடவே வேண்டாம். கேள்வி கேட்கும் நிரலும் அதே கணினியில் இருந்தது. வலையமைப்பும் குறுக்கே வரவில்லை. கெர்னலின் பூட்டுகளையும் வேலைப் பங்கீட்டையும் சோதிப்பதற்காகவே வேண்டுமென்று அப்படி அமைத்திருந்தார்கள். பொறியியலாளருக்கு அது மிக நல்ல சோதனை. சந்தா வாங்கி ரசீது போடும் ஒரு கழகத்துக்கு அது சம்பந்தமே இல்லாத சோதனை.

அந்த முன்னேற்றமும் இழை முறை மாறியதால் மட்டும் வந்ததில்லை. பழைய ஃபிரீபிஎஸ்டி கெர்னலில் ஒரே ஒரு பெரிய பூட்டு இருந்தது. அதற்குப் பேரே ஜயன்ட். யார் கெர்னலுக்குள் நுழைந்தாலும் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். நாலு தராசு, நாலு கிராணி, ஆனால் செக்ரோல் புத்தகம் ஒன்றே ஒன்று என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அந்தப் புத்தகத்தைப் பிரித்துத் தனித்தனி ஏடுகளாக்க 2000-இல் தொடங்கிய வேலை பல ஆண்டுகள் இழுத்தது. ஜெஃப் ராபர்சனின் புதிய வேலைப் பங்கீட்டு முறையும், ஜேசன் எவன்ஸ் எழுதிய நினைவகப் பங்கீட்டு நூலகமும் சேர்ந்த பிறகுதான் கோடு மேலே ஏறியது.

லினக்ஸ் பக்கம் கோடு சரிந்ததற்கும் இழைகள் குற்றவாளி இல்லை. நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நூலகம், பல இழைகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது, கெர்னலில் ஒரு பூட்டுக்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டது. கண்டுபிடித்ததும் சரிசெய்தார்கள். அதற்கு முன்பு ஃபிரீபிஎஸ்டி பின்தங்கியதற்கு ஒரு காரணம் இன்னும் அற்பமானது. மைஎஸ்கியூஎல் ஓயாமல் மணி என்ன என்று இயங்குதளத்தைக் கேட்கும். லினக்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது. ஃபிரீபிஎஸ்டி ஒவ்வொரு முறையும் துல்லியமான நேரம் பார்க்க மணிக்கூண்டுக்கு நடந்தது. படத்தில் ஓர் இயங்குதளம் இன்னொன்றைவிட மெதுவானது என்று தெரிந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு நடை!

இயங்குதளம் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தரவுத்தளம் தன் பங்குக்குத் தடை போட்டது. அந்த ஆண்டுகளில் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பகுதிக்குள்ளேயே இருந்த பூட்டுகள், கருக்கள் எட்டைத் தாண்டும்போது இழுத்துப் பிடித்தன. 2010 இறுதியில் 5.5 பதிப்பு வந்த பிறகுதான் அதில் நல்ல முன்னேற்றம்.

ஆகவே இப்படிப்பட்ட படம் உங்கள் கைக்கு வந்தால் எந்தக் கோடு உயரம் என்று முதலில் பார்க்காதீர்கள். இடது ஓரத்தைப் பாருங்கள். கிடைமட்ட அச்சில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இணைப்புகள் ஒன்று, இரண்டு, நாலு என்று தொடங்கும் இடம். அங்கே பெரும்பாலும் எல்லாக் கோடுகளும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். பிரிவது பின்னால்தான். எங்கள் கழகத்தில் கவுண்டர்கள் மூன்று. செயலாளரின் கணினியையும் சேர்த்தால் நான்கு. அந்தச் சண்டை முழுவதும் எங்களுக்கு வலது பக்கம், நாங்கள் என்றைக்கும் போகாத ஊரில் நடந்திருக்கிறது. இதைச் செயலாளரிடம் விரலால் தொட்டுக் காட்டினேன். "அப்ப இந்தப் படம் நமக்கு இல்லையா?" என்றார். இல்லை.

வலது பக்கத்தில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். 2021 மே 2-ஆம் தேதி நண்பகலில் அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான முன்பதிவு திறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தீர்ந்துபோயின. அதே மாதம் 26-ஆம் தேதி நடந்த அடுத்த சுற்றில் பலருக்குப் பக்கம் உறைந்து நின்றது. அமைச்சர் கைரி ஜமாலுதீன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கோலாலம்பூரில் இருந்த பிள்ளைகளுக்காக இங்கே அலோர் ஸ்டாரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த பெற்றோர் எனக்குத் தெரிந்தே சிலர். நாடே ஒரே நிமிடத்தில் கொட்டகைக்கு வரும் நாளில், இழை முறையும் பூட்டுகளும் உயிர் போகும் விஷயம்தான்.

ஆனால் அப்படிப்பட்ட நாளுக்கும் வேகமான இயங்குதளத்தைத் தேடுவது முதல் மருந்து இல்லை. எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடாமல் வெளியே பெஞ்சு போட்டு உட்காரவைப்பதுதான். மரியாடிபியில் அதற்கென்று இழைக் குளம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் பக்கம் பிஜிபவுன்சர் என்ற வாயிற்காப்பாளர் இருக்கிறார். ஆயிரம் இணைப்புகள் வந்தாலும் உள்ளே ஐம்பதுதான் வேலை செய்யும். கவனித்தீர்களா, இது நாம் மேலே பார்த்த நாலைந்து கங்காணி ஏற்பாடுதான். கெர்னலில் தோற்று வெளியேறிய யோசனை பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது. கோ மொழி பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஜாவாவும் 2023 செப்டம்பரில் வந்த 21-ஆம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது. போஸ்ட்கிரெஸைப் புரோசஸ்களிலிருந்து இழைகளுக்கு மாற்றலாமா என்று அதன் மூத்த நிரலாளர் ஹெய்க்கி லின்னகங்காஸ் 2023-இல் ஒரு விவாதத்தையே தொடங்கிவைத்தார். கங்காணி வேண்டும், வேண்டாம் என்பது தீர்ந்த வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

இதுவரை சொன்னது வேகம். உண்மையில் என்னைக் கவலைப்படவைத்தது வேறு. அந்தத் தாளில் எந்தக் கோடும் காட்டாத ஒன்று.

உறுப்பினர் ஐம்பது வெள்ளி கட்டுகிறார். திரையில் பதிவாகிவிட்டது என்று வருகிறது. ரசீது கொடுத்தாயிற்று. அடுத்த வினாடி இடி விழுந்து மின்சாரம் போகிறது. கெடாவில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் திரும்பியதும் அந்த ஐம்பது வெள்ளி இருக்குமா?

இருக்க வேண்டுமானால், பதிவாகிவிட்டது என்று சொல்வதற்கு முன் தரவுத்தளம் இயங்குதளத்தைக் கேட்க வேண்டும்: வட்டில் எழுதியாகிவிட்டதா? இந்தக் கேள்விக்கு யூனிக்ஸ் குடும்பத்தில் எஃப்சிங்க் என்று பேர். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் சிறிய அலுவலகங்களின் தரவுத்தளம் செலவிடும் நேரத்தில் பெரும்பங்கு. இதைத் தவிர்த்துவிட்டால் எந்த இயங்குதளமும் குதிரையாக ஓடும். மைஎஸ்கியூஎல்லில் ஓர் அமைப்பின் மதிப்பை 1-இலிருந்து 2 ஆக்கினால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் வட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை மட்டும் கேட்கும். எழுத்து வேலைச் சோதனையில் எண்கள் பல மடங்கு உயரும். மின்சாரம் போனால் கடைசி ஒரு வினாடியின் பதிவுகள் போய்விடலாம். வேகப் படம் காட்டுகிறவரிடம் இந்த மதிப்பு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

இயங்குதளங்களும் இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. மேக் ஓஎஸ்ஸில் சாதாரண எஃப்சிங்க் கேட்டால், தரவு வட்டுக் கருவியின் கைக்குப் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். கருவி அதைத் தன் தற்காலிக நினைவிலேயே வைத்திருக்கலாம். உண்மையிலேயே எழுதிவிட்டாயா என்று கேட்க அங்கே தனிக் கட்டளை உண்டு. மைஎஸ்கியூஎல் அங்கே அந்தக் கண்டிப்பான கட்டளையைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் எழுதும் சோதனைகளில் மேக் மந்தமாகத் தெரியலாம். மந்தமாகத் தெரிகிறவன் ஒருவேளை கணக்கை ஒழுங்காக எண்ணிக் கொடுக்கிறவனாக இருக்கலாம்.

இதைவிட அதிர்ச்சியான கதை 2018-இல் வெளிவந்தது. கிரெய்க் ரிங்கர் என்ற போஸ்ட்கிரெஸ் பொறியியலாளர், லினக்ஸில் வட்டுப் பிழை ஒன்றுக்குப் பிறகு தரவு கெட்டுப்போன ஒரு நிகழ்வைத் தோண்டியபோது அது தெரிந்தது. வட்டில் எழுத முடியாமல் போனால் லினக்ஸ் ஒருமுறை பிழை என்று சொல்லும். சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கத்தை எழுதியாகிவிட்டது என்று குறித்துக்கொள்ளும். தரவுத்தளம் மறுபடியும் கேட்டால், எல்லாம் சரி என்று பதில் வரும். போஸ்ட்கிரெஸ் அந்த இரண்டாவது பதிலை நம்பியது. இருபது ஆண்டுகளாக நம்பியது. ஃபிரீபிஎஸ்டி அப்படிச் செய்வதில்லை. எழுத முடியாத பக்கத்தை எழுதாத பக்கமாகவே வைத்திருக்கும். 2019 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் தன் போக்கை மாற்றிக்கொண்டது: எஃப்சிங்க் ஒருமுறை தவறினாலே வேலையை நிறுத்திவிட்டு, தன் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கட்டும்.

யோசித்துப் பாருங்கள். லினக்ஸா, ஃபிரீபிஎஸ்டியா என்று எத்தனை ஆண்டுகள், எத்தனை படங்கள், எத்தனை விழுக்காடுகள்! அந்த இரண்டுக்கும் இடையே ஒரு கூட்டுறவுக் கழகத்துக்கு உண்மையிலேயே முக்கியமான வேறுபாடு இது. ஒரு வேகச் சோதனைகூட இதைக் காட்டவில்லை. ஏனென்றால் சோதனை செய்தவர்கள் யாரும் நடுவில் வட்டைக் கெடுத்துப் பார்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஃபிரீபிஎஸ்டிக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த ஆள் ஊரில் இருக்கும் இயங்குதளம்தான் சிறிய அலுவலகத்துக்கு ஏற்றது. 2004-இல் மாம்பு பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு வீசிய காற்றில்தான் எங்கள் கழகமும் லினக்ஸுக்கு வந்தது. ஜித்ரா பாலிடெக்னிக்கில் படித்த பையன்களுக்கு அது கைவந்த வேலை. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான்.

அந்தப் பையன்களில் ஒருவனைத்தான் அன்று மாலையே கூப்பிட்டோம். மைஎஸ்கியூஎல்லில், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் இழுக்கும் கேள்விகளை மட்டும் தனியே எழுதிவைக்கும் வசதி ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டு 7-ஆம் தேதி கழியும்வரை காத்திருந்தோம். பட்டியலில் முக்கால்வாசி ஒரே கேள்வி. வயதான உறுப்பினர்கள் கவுண்டருக்கு வந்தால் இன்னமும் பழைய அடையாள அட்டை எண்ணைத்தான் சொல்வார்கள். நிரல் அந்த எண்ணை வைத்துத் தேடும். அந்த எண்ணுக்கு இண்டெக்ஸ் போடப்படவில்லை. புத்தகத்தின் பின்னால் அகரவரிசை அடைவு இல்லாததால், ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிக்கொண்டிருந்தது. பையன் ஒரு வரி எழுதினான். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கவுண்டரில் இருந்த அம்மா, "இப்பதான் உடனே வருது" என்றார்.

பதினெட்டாயிரம் வெள்ளி தீர்மானத்தைக் கமிட்டி ஒத்திவைத்தது. நான் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். மூலையில் கிடக்கும் பழைய கணினியில் தரவின் நகல் ஒன்றைப் போட்டு, ஓயாமல் பதிவு செய்யும் சிறிய நிரலை ஓடவிட்டு, அது பதிவாகிவிட்டது என்று சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் வேறொரு கணினியில் குறித்துக்கொண்டே வந்து, நடுவில் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். திரும்ப இயக்கி, குறித்த எண்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பத்து முறை.

பொருளாளருக்கு முகம் மாறிவிட்டது. "ஓடுற மெஷினோட வயரைப் பிடுங்கறதா? என்னண்ணே விளையாட்டு இது" என்றார். பழைய மெஷின்தானே என்று செயலாளர் சமாதானம் சொன்னார். அடுத்த சனிக்கிழமை, அலுவலகம் மூடியிருக்கும் நேரத்தில் செய்வதாக முடிவாகியிருக்கிறது. கம்பியைப் பிடுங்கப் போவது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.